மூன்று நாக்குப் பட்டை

அப்பா இறந்தது எந்தக் கிழமை என்பதில் முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உயிர் போயிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் அது சனிக்கிழமை. விடிந்தால்தான் நாள் மாறும் என்கிற எங்கள் பக்கத்துக் கணக்கில் இன்னும் வெள்ளி. ஷார்ஜா கடிகாரம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், இங்கே யார் கணக்கிலும் வெள்ளிதான். நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். இரண்டு கிழமைகளையும் எழுதினேன். எதை அடிப்பது என்று தெரியவில்லை, அடிக்காமல் விட்டேன். அதற்குக் கீழே அன்று எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கிழமையைப் பற்றி இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் பதினாறாம் நாள். புதுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில், தகப்பன் போனால் பதினாறாம் நாள் கருமாதியில் தாய்மாமன் புதுத் துணி கொண்டுவந்து மூத்த மகனின் தலையில் உருமா கட்டுவார். உருமா என்றால் தலைப்பாகைதான். கட்டி முடிக்கும்வரை அந்த வீட்டுக்குத் தலை கிடையாது. கட்டிய பிறகு கோயில் வரி அவன் பெயருக்கு வரும், பத்திரிகை அவன் கையில் கொடுக்கப்படும், எந்த நல்லது கெட்டதுக்கும் அவனைக் கேட்டுத்தான் செய்வார்கள். சொத்து வேறு, அது சட்டப்படி சமமாகப் பிரியும். உருமா பிரியாது.

கொள்ளி வைத்தது தம்பி. உடம்பு காத்திருக்காது, அதில் யாருக்கும் கேள்வி இல்லை. உருமாவில்தான் கேள்வி இருந்தது. அம்மாவின் தம்பி, எனக்கு ஒரே தாய்மாமன், மூன்றாம் நாள் போன் செய்தார்.

"மாப்ள, வெள்ளிக்கிழமைன்னே வச்சு எண்ணியாச்சு. பதினாறு சனிக்கிழமை விழுகுது. வந்துருவியா?"

"பாக்குறேன் மாமா."

"பாக்குறேன்னா என்னப்பா அர்த்தம்? நான் துணி எடுக்கணும்ல. யாரு தலைக்குன்னு தெரியாம எதை எடுக்கிறது?"

"தலைக்குத் தலை அளவா மாறப்போகுது மாமா."

"துணிக்கு அளவு கெடையாது மாப்ள. ஆளுக்குத்தான் அளவு. அதுக்கு முந்தின புதன்கிழமைக்குள்ள சொல்லிரு."

நான் வேலை மாறிக்கொண்டிருந்த சமயம் அது. பழைய கம்பெனியின் விசா ரத்தாகிவிட்டது. புதுக் கடையின் விசாவுக்கு மெடிக்கல் முடிந்து, கைரேகை முடிந்து, ஐ.டி. வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மனைவி, மகள் இருவரின் விசாவும் என் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தன. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கடையின் விசா வேலைகளைப் பார்க்கிற மலையாளியிடம் கேட்டேன். "போகாம் சாரே, போகான் ஆரும் தடுக்கில்லா. திரிச்சு வரவு மாத்ரம் என்னோடு சோதிக்கருது," என்றார். போகலாம், திரும்பி வருவதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே. நல்ல மனிதர். சொல்லிவிட்டு எனக்கு ஒரு சுலைமானி வாங்கிக் கொடுத்தார். பால் இல்லாத அந்த டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வராததைப் பற்றிக் கவலையும் வரவில்லை. நான்காம் நாளே கடைக்குப் போய்விட்டேன்.

கடை ரோலாவில், எக்ஸ்சேஞ்ச் கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில். கோப்பை, கேடயம், பெயர்ப்பலகை, பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவது. டிசைனைச் சரிபார்த்து மெஷினுக்கு அனுப்புவது என் பொறுப்பு. மெஷினில் வெட்டி, எனாமல் நிரப்பி, பாலிஷ் போடுவது திருவாரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். என்னைவிட வயதில் பெரியவர் என்பதால் அவரை நான் அண்ணே என்பேன். வாடிக்கையாளர் முன்னால் அவர் என்னை சார் என்பார், ஆள் போனதும் தம்பி என்பார்.

அப்பா இறப்பதற்குச் சில நாள் முன்புதான் அந்த ஸ்காட்லாந்துக்காரர் வந்திருந்தார். துறைமுகக் கட்டுமான வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் வளைகுடாவிலேயே கழித்தவர். குவைத்தில் மங்காஃப், பிறகு தோஹா, இப்போது ஷார்ஜா. பேச்சு முடிகிற இடத்தில் எல்லாம், முடிந்தது என்பதற்கு அரபியில் 'கலாஸ்' போடுவார். ஊரில் அவருடைய அப்பாவுக்குத் தொண்ணூறாம் பிறந்தநாள் வருகிறதாம். பரிசாக எடுத்துப்போகத் தன் சின்னத்தைத் தன் பெயரோடு பித்தளையில் வெட்டித் தரவேண்டும் என்று ஒரு வண்ணப்படத்தை மேசையில் விரித்தார்.

கேடய வடிவம். நீலப் பரப்பில் பாய் சுருட்டிய ஒரு வெள்ளிக் கப்பல், துடுப்புகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கும் மேலே, கேடயத்தின் நெற்றியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. அதிலிருந்து மூன்று நாக்குகள் கீழே தொங்கின. அந்தப் பட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றதையெல்லாம் கேட்டேன். இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. சோழர் செப்பேட்டு முத்திரையில் புலிக்குப் பக்கத்திலேயே பாண்டியனின் கயலும் சேரனின் வில்லும் இருக்கும், ஜெயித்தவன் தோற்றவர்களின் சின்னத்தையும் தன் முத்திரையில் சேர்த்துக்கொண்டான் என்று அவரிடம் சொன்னேன். ரசித்துக் கேட்டார். கப்பலுக்கு என்ன பொருள் என்றேன்.

"பாய் சுருட்டியிருந்தால் கரை சேர்ந்துவிட்டான் என்று ஒரு சித்தப்பா சொல்வார். துடுப்பு வெளியே இருப்பதால் இன்னும் சேரவில்லை என்று இன்னொரு சித்தப்பா. இரண்டு பேரும் ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க இதற்காகப் பேசாமல் இருந்தார்கள்."

"நட்சத்திரம்?"

"யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் விளக்கம் சொல்வார்கள்."

உங்கள் குடும்பச் சின்னம் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் விரலை ஆட்டினார். "குடும்பத்துக்குச் சின்னம் கிடையாது. கடைத்தெருவில் குவளையிலும் டையிலும் போட்டு விற்கிறார்கள், அது டூரிஸ்டுக்கு. எங்கள் நாட்டுச் சட்டத்தில் இது ஒரே ஒரு ஆளுக்குச் சொந்தம். அவருக்குப் பிறகு அவருடைய வாரிசு ஒருவருக்கு. இளையவர்களுக்கு வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு, சுற்றிலும் ஒரு கரையோ வேறு ஏதாவது மாற்றமோ வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். என் தம்பியுடையதில் மஞ்சள் கரை இருக்கும். இரண்டு பேருக்கு ஒரே கேடயம் இருக்க முடியாது. கலாஸ்."

மாதிரிப் படம் போட்டுக் காட்டினேன், சரி என்று கையெழுத்திட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அப்பா இறந்தது.

அவர் வாங்க வருவதாகச் சொன்ன புதன்கிழமையன்று காலையில் தகடு தயாராக என் மேசைக்கு வந்தது. கையெழுத்திட்ட படம் கோப்பில் இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம், வைத்தேன். கீழே நாடாவில் இருந்த லத்தீன் வாசகத்தையும் அவர் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். நட்சத்திரத்துக்கு முனைகள் சரி. துடுப்புகள் சரி. எனாமல் எங்கேயும் வழியவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். நான் பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பார்த்ததுதான் உள்ளே போகவில்லை.

அவர் மத்தியானத்துக்கு மேல் வந்தார். பெட்டியைத் திறந்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பட்டை எங்கே?"

நான் எட்டிப் பார்த்தேன். கேடயத்தின் நெற்றி வெறும் நீலமாக இருந்தது.

"இந்தப் பட்டை எதற்குத் தெரியுமா?" என்றார். குரல் உயரவில்லை. "அப்பா உயிரோடு இருக்கிறவரை மூத்த மகன் தன் கேடயத்தில் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கேடயம் இன்னும் அவருடையது, நான் காத்திருக்கிறவன் என்று அர்த்தம். அவர் போன பிறகுதான் பட்டையை எடுக்கலாம். எனக்கு அறுபத்திரண்டு வயது. இன்னும் பட்டையோடுதான் இருக்கிறேன். என் பெயருக்கு மேலே பட்டை இல்லாத கேடயத்தைக் கொண்டுபோய் அவர் பிறந்தநாளில் கொடுத்தால், நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று பித்தளையில் வெட்டிக் கொடுத்த மாதிரி."

உள்ளேயிருந்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன சார் சொல்றாரு?"

"அவங்க அப்பா செத்துட்டாருன்னு தகட்டுல போட்டுட்டோமாம்ணே."

"நானா? ஆத்தாடி, நான் எழுத்தையே தொடலையே சார்."

"மேல ஒரு பட்டை தொங்குச்சே, அது எங்க?"

அவர் என்னைப் பார்த்தார், வெள்ளைக்காரரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அந்தத் தோரணமா? அது நாந்தான் எடுத்தேன்."

"ஏண்ணே?"

"என்ன தம்பி கேக்குற." சார் மறந்துபோய்விட்டது. "நீ அப்பாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிற. பதினாறு கழியல. துக்கக்காரன் கைபட்டு ஒரு சாமான் போவுது, அதுல மாவிலைத் தோரணமாட்டம் கட்டித் தொங்கவிட்டா நல்லாவா இருக்கும்? அதை வாங்கிட்டுப் போற அந்தாளுக்குத்தான் ஆவுமா? ஓரமாத்தானே இருக்கு, படத்துக்கு ஒண்ணும் கெட்டுப்போவாதுன்னு கம்ப்யூட்டர்ல எடுத்துவிட்டுட்டேன். உன்கிட்ட கேக்க மனசு வரல."

ஸ்காட்லாந்துக்காரர் காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தோரணம் என்றால் என்ன, எதற்குக் கட்டுவோம், எப்போது கட்டமாட்டோம் என்று வரிசையாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. என் அப்பா இறந்துவிட்டார் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அண்ணன் புரிந்த இடங்களில் தலையாட்டினார்.

"எப்போது?"

சொன்னேன்.

"நீங்கள் மூத்தவரா?"

"ஆமாம்."

"அப்புறம் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?"

"விசா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பது வருடம் இங்கே இருந்தவருக்கு அந்த ஒரு சொல் போதும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அண்ணன் டீ சொல்லப் போனார். அப்போது நான் அவரிடம் கேட்டேன், மூத்தவன் தூரத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

"ஒன்றும் செய்யமாட்டோம். அப்பாவின் மூச்சு நிற்கிற நிமிடத்திலேயே அது மகனுடையது. அவன் கனடாவில் இருக்கலாம், ஜெயிலில் இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வான், செய்யாமலும் இருப்பான். யாரும் அவனுக்குப் போட்டுவிட வேண்டியதில்லை."

"எங்களுக்குத் தலை வேண்டும்," என்றேன். உருமாவைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமையைச் சொன்னேன். இன்றைக்குள் பதில் சொல்லவேண்டும் என்பதையும் சொன்னேன்.

"தம்பிக்குக் கட்டிவிட்டால் பிறகு நீங்கள் போனதும் மாற்றிக்கொள்ளலாமா?"

"முடியாது."

"அப்படியானால் அது எங்களுடையதைவிடக் கடினம்." டீ வந்தது. குடித்துவிட்டுப் போகும்போது அண்ணனின் தோளைத் தட்டி, "நோ ப்ராப்ளம் பாய், என் அப்பா கேட்டால் சிரிப்பார். இன்னொன்று வெட்டுங்கள், யல்லா," என்றார். அண்ணன் மறுநாளே பட்டையோடு வெட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "இங்கயே முவைலால உங்க அம்மா வழியில ஒருத்தர் இருக்காருல்ல, லேபர் கேம்ப்ல? உங்களுக்கு மாமா முறைதானே. சனிக்கிழமை அவரை வரச்சொல்லி, அதே நேரத்துக்கு இங்க கட்டிக்குங்க. அங்க மாமா தம்பிக்குக் கட்டட்டும்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "வீடியோ கால்லயே பண்ணலாமேப்பா. ஹைப்ரிட் மாதிரி."

மாமாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பின்னால் அம்மா இருமுவது கேட்டது.

"மாப்ள, ரெண்டு தலைக்கு உருமா கட்டுனா வீடு ரெண்டாப் போச்சுன்னு அர்த்தம். அண்ணன் தம்பிக்குள்ள வெட்டுக்குத்து நடந்தாத்தான் அப்படிக் கட்டுவாக. ஊரு என்ன சொல்லும்?"

"தள்ளி வைக்க முடியாதா மாமா? ஒரு மாசம்."

"கருமாதியத் தள்ளுறதுக்கு அது என்ன காதுகுத்தா?"

போனுக்குள் ஊர்க் காக்கை ஒன்று கத்தியது.

"சரி மாமா. தம்பிக்கே கட்டிருங்க."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. இதைத்தான் எதிர்பார்த்தார், வந்ததும் தாங்க முடியவில்லை. "மனசுல வச்சுக்காத மாப்ள. அப்பாவுக்குப் பெரியவன், அம்மாவுக்குச் சின்னவன்னு தானே கணக்கு? மாத்திக்குவோம். அக்காவுக்கு நீ கொள்ளி வச்சுக்க."

"நான் இன்னும் போகலடா," என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

"போறப்பச் சொல்றேன்க்கா, இப்பவா சொன்னேன்?"

பத்து நிமிடம் கழித்துத் தம்பி கூப்பிட்டான். அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

"எனக்கு வேணாம்ணே."

"கட்டிக்கடா."

"இதைக் கட்டிட்டா எல்லாத்துக்கும் எங்கிட்டல்ல வந்து நிப்பாங்க."

"நின்னா பதில் சொல்லு."

"எனக்கு என்னண்ணே தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது," என்றேன். யார் முதலில் போனை வைத்தோம் என்று நினைவில்லை.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, வேட்டி கட்டி, ஹாலில் உட்கார்ந்தேன். மகள் போனை டிவிக்கு இணைத்துவிட்டாள். மொட்டைத் தலையோடு தம்பி மணையில் உட்கார்ந்திருந்தான். அவன் தலை இவ்வளவு சிறியது என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரோ ஒரு பெரியவர் மூத்தவன் எங்கே என்று கேட்டார். துபாயில் என்று இன்னொருவர் சொன்னார். ஷார்ஜா என்று திருத்தத் தோன்றியது. எங்கள் பேச்சு அங்கே கேட்காதபடி மகள் வைத்திருந்தாள். மாமா துணியைப் பிரித்தார். நெற்றியில் முதல் சுற்று வந்தபோது படம் நின்றுவிட்டது. மாமாவின் கை, பாதி துணி, தம்பியின் ஒரு கண். மகள் எதையெதையோ அழுத்தினாள். படம் திரும்ப வந்தபோது உருமா கட்டியாகிவிட்டது. முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையில் மொய்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அப்ப சாப்பிட வாங்க."

என் ஐ.டி. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. விசாக்காரர் கொண்டுவந்து கொடுத்து, "இனி போகாம், வராம்," என்றார். உடனே கிளம்பக் காரணம் எதுவும் மிச்சமில்லை. மகளின் பரீட்சை முடிந்து எல்லோருமாகப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

அம்மா என்னோடு பேசுவது வெள்ளிக்கிழமை காலையில். அப்பா படுத்த பிறகு பல வருடங்களாக அந்த நேரம் அவளுக்குக் கேள்வி நேரம். வேப்பமரத்துக் கிளை கூரையில் இடிக்கிறது, வெட்டலாமா. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மோதிரமா, பணமா. நான் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு வெட்டு என்பேன், மோதிரம் என்பேன். கருமாதிக்குப் பிறகு வந்த இரண்டாவது வெள்ளியிலும் அதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டாள். மழை, காய்கறி, தம்பியின் குழந்தைக்குச் சளி. பிறகு சொன்னாள்:

"மாடியை வாடகைக்கு விட்டாச்சுப்பா. டீச்சரு, புருஷன் பேங்க்ல. ஒண்ணாந்தேதி வர்றாங்க."

லீவில் போனால் நாங்கள் தங்குவது மாடியில்தான்.

"யாரு பாத்தா?"

"தம்பிதான். கேட்டேன், விட்டுருவோம்னான். நல்ல ஆளுங்களாம், விசாரிச்சுட்டான்." இருமினாள். "நீங்க வந்தா கீழ நடு ரூம்ல படுத்துக்கலாம். பேன் மாத்திட்டான்."

"சரிம்மா," என்றேன்.

"சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடு," என்றாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.